உரமும் கருவூலமும் – 9: யூரியாவை விடுவிக்காத பதின்மூன்று மாதங்கள்

முண்டியம்பாக்கம் ரயில் நிலையத்துக்கு உர ரேக் வந்துவிட்டது என்ற செய்தி விழுப்புரம் வட்டாரத்தில் பரவ அதிக நேரம் ஆகாது. முழு ரேக் என்றால் ஏறத்தாழ 2,600 டன். அத்தனையும் யூரியாவாக இருந்தால், 45 கிலோ மூட்டைக் கணக்கில் ஐம்பத்தேழாயிரம் மூட்டைகளுக்கு மேல். வேகன்களிலிருந்து லாரிகளுக்கும், லாரிகளிலிருந்து கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தனியார் கடைகளுக்கும் போகும் அந்த மூட்டைகளை, ஆதார் எண்ணைச் சொல்லி விரல்ரேகை வைத்து விவசாயி வாங்குகிறார். யூரியா மூட்டைக்கு அவர் கொடுப்பது 266 ரூபாய் 50 காசு. அதே கடையில் 50 கிலோ டிஏபி 1,350 ரூபாய். பொட்டாஷ் மூட்டை ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டுகிறது.

பயிருக்கு யூரியாவின் தழைச்சத்து, டிஏபியின் மணிச்சத்து, பொட்டாஷின் சாம்பல்சத்து மூன்றும் வேண்டும் என்று எந்த வேளாண் அலுவலரும் சொல்வார். மூன்றையும் ஒரே அரசாங்கம்தான் மானியம் கொடுத்து விற்க வைக்கிறது. அப்படியிருக்க ஒரு மூட்டைக்கும் இன்னொரு மூட்டைக்கும் இத்தனை தூரம் எப்படி வந்தது? அந்தத் தூரம் உண்டாகத் தொடங்கிய நாளைச் சரியாகச் சொல்லிவிடலாம்: 1992 ஆகஸ்ட் 25. அதற்குப் பதின்மூன்று மாதங்களுக்கு முன், 1991 ஜூலை 24 மாலையில், இந்தக் கதை சூடு பிடித்தது. இந்த இதழில் அந்தப் பதின்மூன்று மாதங்களைப் பார்க்கலாம்.

சென்ற இதழில் 1977 நவம்பரில் வந்த ஏற்பாட்டோடு நிறுத்தியிருந்தோம். மராத்தே குழுவின் பரிந்துரைப்படி, ஆலைக்கு ஆலை தனி விலை வைக்கும் முறை அது. கோப்புகளில் அதற்கு ரிடென்ஷன் பிரைஸ் என்று பெயர். விவசாயிக்கு நாடு முழுவதும் ஒரே விலை. ஆலைக்கோ அதனதன் செலவைப் பொறுத்து ஒரு விலை, அதில் முதலீட்டாளரின் நிகர மதிப்பின் மேல் வரி போக 12 விழுக்காடு வருவாய் உறுதி. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மத்திய அரசு கட்டும். ஒரு டன் யூரியா செய்ய ஓர் ஆலைக்கு, வருவாயையும் சேர்த்து, 4,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை விலை 2,350 என்றால் மீதி 1,650 டெல்லியிலிருந்து வரும். பக்கத்து ஆலைக்கு 6,000 ஆனால் அதற்கு 3,650 வரும். செலவைக் குறைத்தவருக்குக் குறைந்த மானியம், குறைக்காதவருக்குக் கூடுதல் மானியம். திறமைக்கு ஓரளவு ஊக்கம் வைத்திருந்தார்கள். ஆனாலும் அடிப்படைச் சாய்வு செலவைக் குறைக்காதவர் பக்கம்தான்.

இதைச் சொல்லிவிட்டு அந்த முறையை முட்டாள்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டின் யூரியா ஆலைகளை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். தென்னார்க்காட்டு மண்ணிலேயே, நெய்வேலியில், 1966-ல் ஓர் உர ஆலை இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டன் அளவுக்கு யூரியா தரும் ஆலை அது. பழுப்பு நிலக்கரியிலிருந்து உரம் என்பது அன்றைக்குப் பெரிய கனவு. மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1971-ல் உற்பத்தியைத் தொடங்கியது. தூத்துக்குடியில் ஸ்பிக் 1975-ல் தொடங்கியது. பின்னவை இரண்டும் நாஃப்தா என்ற பெட்ரோலியப் பொருளை நம்பியவை. எண்பதுகளின் பிற்பாதியில் மேற்குக் கடலிலிருந்து வந்த இயற்கை எரிவாயுக் குழாயை ஒட்டி வட இந்தியாவில் புதிய ஆலைகள் எழுந்தன. அந்தக் குழாய் தமிழ்நாட்டுப் பக்கம் வரவில்லை. எல்லா ஆலைகளுக்கும் ஒரே விலை என்று அன்றைக்கே வைத்திருந்தால், எரிவாயு கிடைக்காத ஒரே குற்றத்துக்காக நம் ஆலைகள் முதலில் மூடியிருக்கும். தெற்கே காவிரிப் படுகைக்கும் தென்பெண்ணைக் கரைக்கும் யூரியா தட்டில்லாமல் வந்ததில் அந்த மானியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நாடும் அந்தப் பதினைந்து ஆண்டுகளில் யூரியாவில் ஏறக்குறைய தன் காலில் நின்றது.

சிக்கல் விற்பனை விலையில் இருந்தது. 1981 ஜூலையில் யூரியா டன்னுக்கு 2,350 ரூபாய். 1983-ல் அதை 2,150 ஆகக் குறைத்தார்கள். 1986-ல் மறுபடி 2,350. பத்து ஆண்டுகள் கழித்து, 1991-லும் அதே 2,350. இதற்கிடையில் நாஃப்தா, ரயில் கட்டணம், மின்சாரம், கூலி எல்லாம் ஏறின. உரப் பயன்பாடும் இரட்டிப்புக்கு மேல் போனது. ஏறிய ஒவ்வொரு ரூபாயையும் கருவூலம் ஏற்றது. 1980-81-ல் 505 கோடியாக இருந்த உர மானியம் 1990-91-ல் 4,389 கோடி ரூபாயாகிவிட்டது. மத்திய அரசு அந்த ஆண்டு செலவிட்ட ஒவ்வொரு நூறு ரூபாயிலும் நான்கு ரூபாய்க்குச் சற்று மேல் உரத்துக்கே போனது.

பெயர் விவசாயி மானியம்தான். ஆனால் அதில் ஒரு பகுதி ஆலைகளிடமும் மூலப்பொருள் விற்கும் நிறுவனங்களிடமும் தங்கிவிடுகிறது என்று அசோக் குலாட்டி போன்ற பொருளியலாளர்கள் அப்போதே வாதிட்டார்கள். உலகச் சந்தையில் மலிவாக வாங்க முடிந்த யூரியாவை இங்கே அதிகச் செலவில் செய்தால், அந்தக் கூடுதல் செலவு விவசாயிக்குக் கிடைத்த உதவி ஆகாது என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. உலகச் சந்தை எப்போதும் மலிவாக இருக்கும் என்று நம்பித்தான் அதை முழுதாக ஏற்க முடியும். 2021 நவம்பரில் இந்தியா டன்னுக்கு ஏறத்தாழ 1,000 டாலர் கொடுத்து யூரியா வாங்க நேர்ந்தபோது அந்த நம்பிக்கையின் விலை தெரிந்தது.

1991 கோடையில் நாட்டிடம் இருந்த அன்னியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை. தங்கம் அடகுக்குப் போனது. ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பு இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டது. இந்த மதிப்புக் குறைப்பு உரத்தை நேரடியாகத் தாக்கியது. பொட்டாஷ் ஒரு மணியும் அன்று இந்தியாவில் கிடைக்கவில்லை. டிஏபிக்கு வேண்டிய பாறை பாஸ்பேட்டும் பாஸ்பாரிக் அமிலமும் பெரும்பாலும் கப்பலில்தான் வரவேண்டும். டாலர் ஏறினால் மானியமும் தானாக ஏறும்.

ஜூலை 24 அன்று நிதியமைச்சர் மன்மோகன் சிங் தன் முதல் வரவுசெலவுத் திட்டத்தை வைத்தார். 1981 ஜூலைக்குப் பிறகு உர விலை ஏறக்குறைய மாறவே இல்லை, ஆனால் நெல்லுக்கும் கோதுமைக்கும் அரசு தரும் விலை பலமுறை ஏறியிருக்கிறது என்பது அவர் எடுத்துவைத்த காரணம். அன்று மாலை முதல் உர விலை சராசரியாக 40 விழுக்காடு உயரும் என்று அறிவித்தார். இந்த வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் தொழில் உரிமங்களையும் அன்னிய முதலீட்டையும் பற்றியே பேசுகிறார்கள். அன்றைக்கு மக்களவையில் பெரும் கொதிப்பை உண்டாக்கியவற்றில் உர விலை முன்னால் நின்றது.

பிரதமர் நரசிம்ம ராவின் அரசு சிறுபான்மை அரசு. எதிர்க்கட்சிகளின் எதிர்ப்பு எதிர்பார்த்ததுதான். ஆளும் காங்கிரஸின் சொந்த உறுப்பினர்களே எழுந்து நின்று எதிர்த்ததுதான் அரசை அசைத்தது. இரண்டு வாரத்துக்குள், ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே, நிதியமைச்சர் இறங்கிவந்தார். உயர்வு 40-லிருந்து 30 விழுக்காடாகியது. சிறு, குறு விவசாயிகளுக்குப் பழைய விலையே தொடரும் என்றும் சொன்னார். மற்றவர்களுக்கு யூரியா டன் 3,060 ரூபாய். அன்றைய 50 கிலோ மூட்டைக் கணக்கில் 117 ரூபாய் 50 காசிலிருந்து 153 ரூபாய்.

சிறு, குறு விவசாயிக்கு ஒரு விலை, மற்றவருக்கு ஒரு விலை. காகிதத்தில் இதைவிட நியாயமான ஏற்பாடு கிடையாது. கடையில் இதை எப்படி நடத்துவது? இரண்டு ஹெக்டேருக்குள் நிலம் வைத்திருப்பவர் யார் என்று பிரிக்கும் வேலை மாநிலங்களின் தலையில் விழுந்தது. தமிழ்நாட்டில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் அந்த வரம்புக்குள் வருகிறவர்கள். அவர்களைப் பிரித்தெடுத்தால் வெளியே நிற்பவர்கள் சொற்பம். அண்ணன் தம்பி பெயரில் கூட்டுப் பட்டா இருக்கும். தாத்தா பெயரிலேயே சிட்டா நின்றுபோயிருக்கும். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து உழுகிறவரிடம் ஒரு காகிதமும் இருக்காது. யாருக்கு அந்த மலிவு மூட்டை மிக அவசியமோ அவரிடம்தான் சான்று இல்லை. ஒரே உரத்துக்கு ஒரே ஊரில் இரண்டு விலை இருந்தால் மலிவு மூட்டை எந்தப் பக்கம் கைமாறும் என்பதையும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. அதன் நோக்கம் சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். நில ஆவணங்களை ஒழுங்குபடுத்தாமல், உழுகிறவருக்கு அடையாளம் கொடுக்காமல், மானியத்தை மட்டும் குறிபார்த்துக் கொடுக்க முடியாது என்பதற்கு 1991-தான் முதல் சாட்சி. கால் நூற்றாண்டு கழித்து விரல்ரேகைக் கருவி வந்த பிறகும், அது ஆளை மட்டுமே அடையாளம் காண்கிறது. அவர் எத்தனை ஏக்கர், என்ன பயிர், சொந்தமா குத்தகையா என்பதைப் பார்த்து விலையை மாற்றுவதில்லை.

30 விழுக்காடு உயர்த்தியும் மானியம் குறையவில்லை. 1991-92-ல் 5,185 கோடி ரூபாய். ரூபாயின் மதிப்புக் குறைப்பு விலை உயர்வின் பலனை விழுங்கிவிட்டது. வேறு வழி தேட நாடாளுமன்றக் கூட்டுக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1992 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. அறிக்கை வந்த சில நாட்களில், ஆகஸ்ட் 25 அன்று, அரசு முடிவெடுத்துவிட்டது. டிஏபி, பொட்டாஷ், காம்ப்ளக்ஸ் உரங்கள் எல்லாம் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. யூரியா தொடர்ந்து கட்டுப்பாட்டிலேயே இருக்கும். அதோடு யூரியாவின் விலை 10 விழுக்காடு குறையும்: 3,060-லிருந்து 2,760.

மணிச்சத்திலும் சாம்பல்சத்திலும் மானியத்தை நிறுத்தியதன் காரணம் விளங்குகிறது. அவை இறக்குமதியைச் சார்ந்தவை, டாலரைக் குடிப்பவை. யூரியாவை விடுவித்தால் நாஃப்தா ஆலைகள் மூடும், எல்லா ஊரிலும் எல்லா விவசாயியும் போடும் உரம் என்பதால் கொந்தளிப்பும் வரும். இதுவும் விளங்குகிறது. அந்த 10 விழுக்காடு குறைப்புதான் என்னால் ஏற்க முடியாதது. இரண்டு உரங்களின் விலை ஏறப்போகிறது என்று தெரிந்த அதே நாளில் மூன்றாவதின் விலையைக் குறைத்தது, விவசாயிகளின் கோபத்தைத் தணிக்கப் பயன்பட்டிருக்கலாம். மண்ணுக்கு அது இழைத்த கேட்டை இன்றுவரை நாம் சரிசெய்யவில்லை.

முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையைச் சுற்றிய கரும்புக் கொல்லையில் வைத்து இதைப் பார்ப்போம். நடவுக் கரும்புக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முந்தைய பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 275 கிலோ தழைச்சத்து, 62.5 கிலோ மணிச்சத்து, 112.5 கிலோ சாம்பல்சத்து. ஏக்கருக்கு மாற்றினால் யூரியா சுமார் 242 கிலோ, பொட்டாஷ் சுமார் 76 கிலோ. 1992 ஆகஸ்டுக்கு முன் ஏக்கருக்கு யூரியாச் செலவு 740 ரூபாய். பொட்டாஷ் டன் 1,700 ரூபாய் என்பதால் அதற்கு 130 ரூபாய்க்கும் கொஞ்சம் குறைவு. ஆகஸ்டுக்குப் பின் யூரியாவில் 70 ரூபாய் போல மிச்சம். பொட்டாஷ் விலை இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. கடைக்காரர் முன் நிற்கும் விவசாயிக்கு அந்தக் கணக்கு சொல்வது ஒன்றுதான்: பொட்டாஷை விடு, யூரியாவில் இன்னொரு மூட்டை போடு. அடுத்த வாரமே கரும்பு கரும்பச்சையாகிக் காட்டும். பொட்டாஷ் அப்படிக் கண்ணுக்குக் காட்டாது. அது தோகையில் உண்டாகும் சர்க்கரையைத் தண்டுக்குக் கொண்டுசேர்க்கும் வேலையைச் செய்வது, தண்டுக்கு உறுதி கொடுப்பது. அது குறைந்து யூரியா கூடினால் கரும்பு சாயும், முதிர்ச்சி தள்ளும், சர்க்கரைச் சத்து இறங்கும், பூச்சியும் நோயும் எளிதில் ஏறும். நெல்லிலும் இதே கதைதான். இதெல்லாம் விவசாயியின் அறியாமை என்று எழுதுகிற அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அரசு வைத்த விலைக்கு அவர் சரியாகவே பதில் சொன்னார்.

ஒரே ஆண்டில் நாடு முழுக்க அந்தப் பதில் பதிவானது. 1991-92-ல் 13.6 லட்சம் டன்னாக இருந்த சாம்பல்சத்துப் பயன்பாடு அடுத்த ஆண்டு 8.8 லட்சம் டன்னாகச் சரிந்தது. மணிச்சத்து 33.2 லட்சத்திலிருந்து 28.4 லட்சம் டன்னுக்கு வந்தது. தழைச்சத்து மட்டும் 80.5 லட்சத்திலிருந்து 84.3 லட்சமாக ஏறியது. தழை, மணி, சாம்பல் மூன்றும் 4:2:1 என்ற அளவில் இருப்பது நாடளவில் நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மண்ணுக்கு மண், பயிருக்குப் பயிர் அது மாறும், ஆனாலும் போகிற திசையைப் பார்க்க உதவும். 1991-92-ல் அது 5.9:2.4:1 ஆக இருந்தது. 1992-93-ல் 9.5:3.2:1.

அரசு பதறியது. அதே ஆண்டு ரபி பருவத்திலிருந்தே டிஏபிக்கும் பொட்டாஷுக்கும் டன்னுக்கு 1,000 ரூபாய் சலுகை கொடுக்கப்பட்டது. மானியம் என்ற சொல்லைத் தவிர்த்துச் சலுகை என்று எழுதினார்கள். முதலில் தற்காலிகம் என்று வந்தது, பிறகு ஒவ்வொரு பருவத்திலும் நீட்டிக்கப்பட்டது, தொகையும் ஏறியது. முன்வாசல் வழியாக அனுப்பிய செலவு பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துவிட்டது. 1993-94-ல் மொத்த மானியம் 4,562 கோடிக்கு இறங்கியபோது சீர்திருத்தம் வென்றது என்று நினைத்தவர்கள் உண்டு. 1995-96-ல் அது 6,735 கோடி. 1999-2000-ல் 13,244 கோடி. நடுவில் யூரியா விலையைக் கூட்டாமலும் இல்லை. 1994 ஜூனில் 3,320, 1997-ல் 3,660, 2000 பிப்ரவரியில் 4,600 என்று அரசு கூட்டிக்கொண்டே வந்தது. செலவு அதைவிட வேகமாக ஓடியது.

மானியமே வேண்டாம் என்று இதிலிருந்து முடிவுகட்டுகிறவர்கள் நம் அக்கரையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். இலங்கை 2021 மே மாதம் ஒரே அறிவிப்பில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. அன்னியச் செலாவணி மிச்சமாகும் என்ற கணக்கும் அதில் இருந்தது. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஆண்டுப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெருமளவு சரிந்து, அரிசியை இறக்குமதி செய்ய மிச்சம் பிடித்ததைவிட அதிகம் தேடவேண்டி வந்தது. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் வயலில் நின்றவர்கள் அந்தக் கணக்கின் விலையைக் கொடுத்தார்கள். உரத்தைத் திடீரென்று பிடுங்குவது சீர்திருத்தம் ஆகாது.

1992-ன் பாடத்தை டெல்லி படித்ததா என்றால், 2010 ஏப்ரலில் அதே தவறைப் புதுப் பெயரில் செய்தது. சத்தின் அடிப்படையில் மானியம் என்ற நல்ல யோசனையைக் கொண்டுவந்து, மறுபடியும் யூரியாவை வெளியே வைத்தது. மூன்றே ஆண்டில் அந்த விகிதம் 4.3:2:1-லிருந்து 8.2:3.2:1-க்குப் போனது. யூரியா 2012 நவம்பரில் டன்னுக்கு 5,360 ரூபாயாகி அங்கேயே நின்றுவிட்டது. இந்தக் காலத்தில் சாதாரண நெல்லின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,250-லிருந்து 2025-26-ல் 2,369 ரூபாய்க்கு வந்தது. உக்ரைன் போர் நடந்த 2022-23-ல் வரவுசெலவுத் திட்டத்தில் 1.05 லட்சம் கோடி என்று எழுதிய உர மானியம் ஆண்டு முடிவில் 2.51 லட்சம் கோடியாக நின்றது. மத்திய அரசின் மொத்தச் செலவில் ஆறு விழுக்காடு. அந்த ஆண்டு விலையை விவசாயி மேல் ஏற்றாமல் கருவூலம் தாங்கியது சரியான முடிவு. பத்தாண்டு அமைதியாக இருந்த காலத்தில் ஆண்டுக்குக் கொஞ்சமாக யூரியா விலையைக் கூட்டி, அந்தப் பணத்தைப் பொட்டாஷ் பக்கம் திருப்பியிருந்தால் தாங்கவேண்டிய சுமை சிறியதாக இருந்திருக்கும்.

இன்றும் தட்டுப்பாட்டு நாட்களில், யூரியா வேண்டுமென்றால் கூடவே இணைப் பொருள் ஒன்றையும் வாங்கவேண்டும் என்று கடைகளில் கட்டாயப்படுத்துவதாக விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் புகார் எழுகிறது. 266 ரூபாய் மூட்டை நடைமுறையில் பலருக்கு 266 ரூபாய்க்குக் கிடைப்பதில்லை. யூரியாவுக்கு அரசு செலவிடும் தொகையில் சிறு, குறு விவசாயிக்குப் போய்ச் சேர்வது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் என்று 2015-16 பொருளாதார ஆய்வறிக்கை கணக்கிட்டது. மீதி திறனற்ற உற்பத்தியிலும் வேறு தொழில்களுக்கான கடத்தலிலும் பெரிய பண்ணைகளிலும் கரைகிறது. எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூசியதும் கடையில் கருவி வைத்ததும் அதற்கான மருந்துகள். அவை எந்த அளவுக்கு வேலை செய்தன என்பது தனியாக எழுதவேண்டிய அத்தியாயம்.

அதற்கு முன் 2008-க்குப் போகவேண்டும். உலக விலை எகிறிய அந்த ஆண்டில் ஆலைகளுக்குக் கட்டவேண்டிய மானியத்துக்கு அரசிடம் ரொக்கம் போதவில்லை. 2007-08-ல் 7,500 கோடிக்கும் அடுத்த ஆண்டு 20,000 கோடிக்கும் ரொக்கத்துக்குப் பதிலாகக் கடன் பத்திரங்களை எழுதிக் கொடுத்தது. அந்தப் பத்திரங்களைக் கையில் வாங்கிய ஆலைகள் அவற்றை என்ன செய்தன, வரவுசெலவுப் பற்றாக்குறைக் கணக்கில் அவை ஏன் தெரியாமல் போயின என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.